இயக்கி, இசக்கி, யட்சி

புதிதாக வாங்கிய அச்சுப்பொறியைக் கணினியோடு இணைத்ததும், தமிழ் இடைமுகத்தில் பணியாற்றுவோரின் திரையில் ஓர் அறிவிப்பு தோன்றும். உரிய இயக்கியை நிறுவினால்தான் அச்சுப்பொறி வேலை செய்யும் என்று அது சொல்லும். ‘டிரைவர்’ என்று கணினித் துறையினர் வழங்கும் சிறு மென்பொருளுக்குத் தமிழில் இயக்கி என்று பெயர். திருவனந்தபுரம் சாலைக் கடைத்தெருவில், நாகர்கோவில், தக்கலைப் பக்கங்களிலிருந்து வந்து தலைமுறைகளாகக் கடை நடத்தும் தமிழ்க் குடும்பங்கள் உண்டு. அவ்வீட்டுப் பாட்டி ஒருவரிடம் ‘இயக்கியை நிறுவ வேண்டும்’ என்று சொல்லிப் பார்த்தால், நாள் குறித்தாயிற்றா, பொங்கலுக்கு யார் பொறுப்பு என்றே கேட்பார். அவருக்கு இயக்கி என்பவள் ஊர் எல்லையில் இருக்கும் அம்மன். நிறுவுவது என்றால் பீடம் அமைத்துக் குடியமர்த்துவது.

ஆங்கிலத்திலும் இப்படி வழிமாறி வந்த சொல் ஒன்று உண்டு. ‘எல்ஃப்’ என்பது வட ஐரோப்பியரின் பழங்கதைகளில் மனிதரைக் காட்டிலும் அழகும் ஆற்றலும் மிக்க ஓர் இனம். அதே பெயர் கொண்டவை கண்ணுக்குத் தெரியாத அம்பெய்து கால்நடைகளுக்கும் மனிதருக்கும் திடீர் வலியைத் தந்துவிடும் என்று பழைய ஆங்கில மருத்துவ ஏடுகள் அஞ்சின. செருமானியர் கெட்ட கனவுக்கு வைத்த பெயரிலும் அச்சொல் ஒளிந்திருக்கிறது. ஆல்ஃபிரட் என்னும் மன்னர் பெயருக்கோ எல்ஃபின் அறிவுரை பெற்றவன் என்பது பொருள். பின்னாளில் அது சுருங்கிச் சுருங்கிக் கிறிஸ்துமஸ் தாத்தாவின் பொம்மைப் பட்டறையில் வேலை செய்யும் குள்ளனாயிற்று. டோல்கீன் தம் புதினங்களில் அதை மீண்டும் நெடிதுயர்ந்த பழங்குடியாக்கினார். அப்புறம் கணினிக்குள்ளும் புகுந்துவிட்டது. அதைப் பிறகு பார்ப்போம்.

நம் இயக்கியின் பயணம் இதைவிட நெடியது என்பது நம் எண்ணம். ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. கணினித் திரையின் இயக்கியும் ஊர் எல்லை இயக்கியும் ஒரே வேரில் பிறந்தவை அல்ல. முன்னது இயங்கு, இயக்கு என்னும் தமிழ் வினையிலிருந்து வந்தது. பின்னது வடமொழி யட்சி, பிராகிருதத்தின் வழியாகத் தமிழ் ஓசைக்கு இணங்கி இயக்கியானது. இருவேறு ஆறுகள் ஒரே துறையில் வந்து கூடியிருக்கின்றன. கூடிய பிறகு நீரைப் பிரித்தறிவது எளிதன்று.

யட்சர்களை இயக்கர் என்று வழங்குவது தமிழில் பழைய வழக்கு. புறநானூற்றில் ஒல்லையூர் தந்த பூதப்பாண்டியன் தன் நண்பர்களைப் பெயர் சொல்லி அடுக்கும் இடத்தில் இயக்கன் என்றொருவனும் வருகிறான். பாடிய மன்னன் பெயரிலேயே பூதம் இருக்க, நண்பன் இயக்கனாக இருப்பதில் வியப்பென்ன? பூதத்தாழ்வார், பேயாழ்வார் என்று அடியார்களையே போற்றிய மொழி இது. அந்நாளில் இப்பெயர்கள் அச்சம் தருவனவாக மட்டும் இருந்திருக்க முடியாது.

இயக்கி என்னும் பெண்பால் வடிவத்தைச் சிலப்பதிகாரத்தில் நாம் நேராகக் காண்கிறோம். மதுரைக்கு வெளியே, அறவோர் வாழும் புறஞ்சேரியில் ஓர் இயக்கி கோயில். அங்கே பாற்சோறு படைத்துவிட்டுத் திரும்பும் இடைக்குல மூதாட்டி மாதரியைச் சமணத் துறவி கவுந்தியடிகள் காண்கிறார். ஊருக்குப் புதியவர்களான கோவலனையும் கண்ணகியையும் எவரிடம் ஒப்படைப்பது என்ற கவலை அவருக்கு. இயக்கிக்குப் பால் கொண்டுவரும் இம்மூதாட்டியே தக்கவள் என்று தெளிந்து, கண்ணகியை அவளிடம் அடைக்கலம் தருகிறார். அடைக்கலம் என்னும் சொல்லை அக்காதையின் தலைப்பாகவே இளங்கோ வைத்தார். பிறர் பொருளை வாங்கி வைத்துக் காப்பதைத் தொழிலாகக் கொண்ட நம்மைப் போன்றோர் நின்று படிக்க வேண்டிய பகுதி அது. கோவலன் கொலையுண்டு, கண்ணகியும் மதுரையை விட்டு நீங்கிய பின், ஏற்ற அடைக்கலத்தைக் காக்க இயலாமற் போனதே என்று மாதரி தீயில் புகுந்தாள். செய்தி கடைசிக் காண்டத்தில் ஒரு முதியவர் வாய்மொழியாக மிகச் சுருக்கமாக வந்துபோகிறது. கண்ணகியைப் பேசும் நாம் மாதரியைப் பேசுவது குறைவு.

அக்காலத்து இயக்கியின் உருவத்தைக் காண விரும்புவோர் திருவனந்தபுரத்திலிருந்து தெற்கே புறப்படலாம். களியக்காவிளையில் மாநில எல்லையைக் கடந்து, மார்த்தாண்டத்துக்கு அருகில் சிதறால் மலைக்கு ஏற வேண்டும். 1956 நவம்பர் 1-ஆம் நாள் கன்னியாகுமரி மாவட்டம் தமிழகத்தோடு இணையும்வரை இதெல்லாம் திருவிதாங்கூரைச் சேர்ந்த நிலம். சாரணர் என்னும் சமணத் துறவியரால் திருச்சாரணத்துமலை என்று பெயர் பெற்ற இக்குன்றின் பாறையில், தீர்த்தங்கரர் வரிசைக்கு நடுவே அம்பிகை என்னும் இயக்கியின் புடைப்புருவம் இருக்கிறது. அருகில் சிங்கமும் இரு சிறுவர்களும் நிற்கிறார்கள். பெண்துறவி ஒருவர் இம்மலைத் தெய்வத்துக்குப் பொன் அணிகலன் அளித்ததை ஆய் மன்னன் விக்கிரமாதித்திய வரகுணன் காலத்து, அதாவது 9-ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டு கூறுகிறது. வாங்கிய பொன்னுக்குக் கல்லில் பற்றுச்சீட்டு எழுதிய காலம்! பின்னாளில் கோயில் பகவதி கோயிலாயிற்று. மலை அடிவாரத்து மக்களுக்கு அதில் முரண்பாடு ஏதும் தோன்றியதாகத் தெரியவில்லை.

அந்த இரு சிறுவர்கள் யார்? சமணர் சொல்லும் கதை இது. ஓர் இல்லத்தரசி, நீத்தார் கடன் நாளில் வந்திருந்த விருந்தினருக்கு முன்பாகப் பசித்து வந்த சமணத் துறவிக்கு உணவிட்டுவிட்டாள். கணவன் சினந்து அவளையும் இரு குழந்தைகளையும் வீட்டை விட்டுத் துரத்தினான். போக்கிடமின்றி உயிர் நீத்த அவள், நேமிநாதரின் காவல் இயக்கியாகப் பிறந்தாள். நல்லது செய்தமைக்காக வெளியேற்றப்பட்டவள் காவல் தெய்வமாகிறாள். இயக்கிக் கதைகளை வரிசையாகப் படித்துக்கொண்டு போனால், ஏறக்குறைய எல்லாவற்றின் அடியிலும் கேட்பாரற்றுப் போன ஒரு பெண்ணின் முறையீடு கிடப்பதைக் காண்கிறோம். அந்த முறையீட்டை ஊர் எப்படி எடுத்துக்கொண்டது என்பதில்தான் கதைக்குக் கதை வேறுபாடு.

குமரி, நெல்லை மாவட்டங்களில் இயக்கி இசக்கியானாள். உயிர் உசிராகி, உயரம் உசரமாகி, முயல் முசலாகும் பேச்சு வழக்கில் இயக்கி இசக்கியாவது இயல்பே. ஆரல்வாய்மொழிக் கணவாயில், காற்றாலைகள் சுழலும் வெளியில், முப்பந்தல் இசக்கியம்மன் கோயில் கொண்டிருக்கிறாள். கையில் ஒரு குழந்தை, வாயில் ஒரு குழந்தை என்று இசக்கிக்கு உருவம் அமைப்பது தென்னாட்டு வழக்கம். முதன்முறை காண்போர் திடுக்கிடுவர். பிள்ளை வரம் வேண்டி அவளிடமே செல்லும் பெண்கள் திடுக்கிடுவதில்லை. வேண்டுதல் நிறைவேறியதும் மண்ணால் செய்த குழந்தைப் பாவையைக் கொண்டுவந்து வைக்கிறார்கள். சிதறால் அம்பிகையின் குழந்தைகள்தாம் இங்கே இசக்கியின் கைக்கு வந்தன என்று கருதும் ஆய்வாளர்கள் உண்டு. நமக்கும் அது பொருத்தமாகவே படுகிறது.

தென்மாவட்டங்களில் எந்த வங்கிக் கிளையின் பெயர்ப்பட்டியலைப் புரட்டினாலும் இசக்கிமுத்து, இசக்கியப்பன், இசக்கியம்மாள் என்று வந்துகொண்டே இருக்கும். யட்சியின் பெயரைப் பெற்ற பிள்ளைக்குச் சூட்டும் மக்கள் இவர்கள். இடையில் ஒரு நடைமுறைச் செய்தி: இப்பெயரை ஆங்கிலத்தில் ‘ஐ’ என்னும் எழுத்தில் தொடங்குவோரும் உண்டு, ‘ஈ’ என்னும் எழுத்தில் தொடங்குவோரும் உண்டு. ஆதாரில் ஒன்று, பான் அட்டையில் மற்றொன்று, கணக்குப் புத்தகத்தில் மூன்றாவது என்று இருந்தால் ஓய்வூதியம் வாங்க வரும் முதியவர்தாம் அலைய நேரும். எந்த எழுத்தானாலும் எல்லா ஆவணங்களிலும் ஒன்றாக இருக்கட்டும்.

மீண்டும் எல்லையைக் கடந்து வடக்கே வந்தால் அதே பெயர் வேறு முகம் காட்டுகிறது. கேரளத்து யட்சி ஏழிலைப்பாலை மரத்திலோ பனையிலோ குடியிருப்பாள். நள்ளிரவில் தனித்து நடப்பவனிடம், வெற்றிலைக்குச் சுண்ணாம்பு உண்டா என்று கேட்பாள். அவன் மாளிகை என்று நம்பி ஏறிய இடம் பனையின் உச்சியாக இருக்கும். விடிந்தால் மரத்தடியில் முடியும் நகமும் மட்டுமே மிஞ்சும். கொட்டாரத்தில் சங்குண்ணி தொகுத்த ‘ஐதிஹ்யமாலை’யைப் படித்து வளர்ந்தவர்களுக்கு இக்கதைகள் மனப்பாடம். யட்சிகளுள் பெயர் பெற்றவள் கள்ளியங்காட்டு நீலி. கள்ளியங்காடு நாகர்கோவிலுக்கு அருகில், திருவனந்தபுரம் செல்லும் பழைய வழியில் இருக்கிறது. கடமற்றத்துக் கத்தனார் என்னும் மந்திரம் கற்ற பாதிரியார் அவளை அடக்கினார் என்பது மலையாள மரபு. தலையில் ஆணி அறைந்து யட்சியை அடக்குவது இக்கதைகளில் அடிக்கடி வருவது.

இந்த நீலியை நாம் முன்பே அறிவோம். திருவாலங்காட்டுக்கு அருகிலுள்ள பழையனூரின் நீலிதான் இவள். சம்பந்தர் தேவாரத்திலேயே அக்கதைக்குக் குறிப்பு உண்டு. கணவனால் கொல்லப்பட்ட பெண் பேயாகி, மறுபிறப்பில் வணிகனாக வந்த அவனைத் தொடர்கிறாள். கள்ளிக் கொம்பொன்றைக் குழந்தையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, இவன் என் கணவன், என்னைக் கைவிடுகிறான் என்று பழையனூர் அவையில் அழுகிறாள். அவன் அஞ்சி மறுக்கிறான். அவன் உயிருக்கு நாங்கள் பிணை என்று வேளாளர் எழுபதுபேர் வாக்களித்து, அவன் வைத்திருந்த காப்பு வாளையும் கீழே வைக்கச் செய்து, இருவரையும் ஒரு வீட்டில் தங்க வைக்கின்றனர். விடிந்ததும் வணிகன் பிணமாகக் கிடக்கிறான். பிணை நின்ற எழுபதின்மரும் சொன்ன சொல் தவறாமல் தீக்குழியில் இறங்குகின்றனர்.

கடன் உத்தரவாதப் படிவத்தில் கையொப்பமிடுவதற்கு முன் பலர் நினைத்துக்கொள்ள வேண்டிய கதை என்று நண்பர் ஒருவர் வேடிக்கையாகச் சொல்வார். வேடிக்கை ஒருபுறம் இருக்க, நமக்கு உறுத்துவது வேறொன்று. பொய்யழுகையை நீலிக்கண்ணீர் என்கிறோம். அவள் கணவன் முதற்பிறவியில் அவளைக் கொன்றது பொய்யில்லையே! கொன்றவனுக்கென்று ஒரு மரபுத்தொடரும் தமிழில் உண்டாகவில்லை. ஆனால் பழந்தமிழ்ப் புலவர் ஒருவர் அவளை அப்படியே விட்டுவிடவில்லை. ஐஞ்சிறுகாப்பியங்களுள் ஒன்றான ‘நீலகேசி’யில் இந்தப் பழையனூர் நீலியே முனிவர் ஒருவரிடம் அறம் கேட்டுச் சமணத் துறவியாகி, பிற சமயத்தாரை வாதில் வெல்கிறாள். ஒருத்திக்கு மூன்று முடிவுகள்: வடக்கே பழிச்சொல், மலையாளக் கதையில் தளை, காப்பியத்தில் வாதமேடை. தென்குமரியில் வில்லுப்பாட்டுக்காரர்கள் அவளையே இசக்கியாக்கிப் பாடுவதையும் சேர்த்தால் நான்கு.

கடல் கடந்து இலங்கைக்குப் போனாலும் கதை மாறவில்லை. ‘மகாவம்சம்’ சொல்லும் குவேனி ஓர் இயக்கர்குலப் பெண். வந்திறங்கிய விசயனுக்குத் தன் இனத்தையே வெல்ல வழிகாட்டி, அவனுக்கு இரு குழந்தைகளையும் பெற்றுத் தந்தாள். முடிசூட அரசகுலத்து மனைவி வேண்டும் என்று மதுரையிலிருந்து பாண்டியன் மகளை வரவழைத்த விசயன், குவேனியை அனுப்பிவிட்டான். திரும்பிச் சென்றவளை அவள் இனத்தாரே கொன்றனர்.

திருவனந்தபுரத்துக்கே உரிய யட்சி ஒருத்தி இருக்கிறாள். காஞ்சிரோட்டு யட்சி என்பர். தென்திருவிதாங்கூரில் மங்கலத்து வீட்டில் பிறந்த சிருதேவி என்பவள், மார்த்தாண்டவர்மரின் எதிரியாகிய இராமன் தம்பிக்கு வேண்டியவளாக இருந்தாள், கொலையுண்டு யட்சியானாள் என்று கதை செல்கிறது. சி. வி. ராமன் பிள்ளை 1891-இல் வெளியிட்ட ‘மார்த்தாண்டவர்மா’ புதினத்திலும் காஞ்சிரோட்டு யட்சி பேசப்படுகிறாள். அவள் இன்று குடியிருப்பது பத்மநாபசுவாமி கோயிலில், திறக்கப்படாத நிலவறையில் என்று நம்புவோர் பலர்.

2011 ஜூன் இறுதியில் உச்ச நீதிமன்றம் அமர்த்திய குழுவினர் அக்கோயிலின் நிலவறைகளைத் திறந்து கணக்கெடுத்தபோது உலகம் முழுவதும் அச்செய்தியைப் பார்த்தது. ஏ, பி, சி என்று எழுத்திட்டு அடையாளப்படுத்திய அறைகளுள் பி என்பது மட்டும் திறக்கப்படாமல் நின்றது. திறந்தால் தீங்கு நேரும் என்றனர் ஒரு சாரார். முன்னாள் தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் வினோத் ராய் அளித்த அறிக்கையோ, 1990-க்குப் பிறகு அவ்வறை பலமுறை திறக்கப்பட்டிருப்பதைப் பதிவேடுகளிலிருந்து எடுத்துக்காட்டியது. திறந்தது முன்னறையை மட்டுமே, உள்ளறையை அன்று என்பது அரச குடும்பத்தார் தரப்பு. 2020 ஜூலை 13-ஆம் நாள் தீர்ப்பில், திறப்பதா வேண்டாவா என்பதைக் கோயிலுக்கு அமைக்கப்படும் குழுக்களின் முடிவுக்கே நீதிமன்றம் விட்டது. அச்சமும் காவல் செய்யும் என்பதை மறுப்பதற்கில்லை. ஆயினும் பெட்டகக் காவலுக்கு நாம் நம்புவது இரட்டைச் சாவியையும் நாள்தோறும் எழுதும் பதிவேட்டையுமே. வினோத் ராயின் அறிக்கை கேட்டதும் ஏறத்தாழ அதைத்தான்.

செல்வத்துக்கும் இயக்கருக்கும் உள்ள உறவு இக்கோயிலோடு தொடங்கியதன்று. குபேரன் இயக்கர்களின் அரசன். புதைந்த நிதியைக் காப்பது அவர்கள் தொழில். சங்கநிதி, பதுமநிதி என்று குறுகிய உருவும் பெருத்த வயிறுமாகக் கோயில் வாயில்களில் நிற்போரும் அக்குழாத்தினரே. இதை நினைவில் வைத்துத்தான் நாடு விடுதலை பெற்ற பின் இந்திய ரிசர்வ் வங்கியின் புதுதில்லி அலுவலக வாயிலில் இயக்கன், இயக்கி ஆகிய இருவரின் பேருருவங்களை நிறுத்தத் தீர்மானித்தனர். சாந்திநிகேதனத்துச் சிற்பி ராம்கிங்கர் பைஜ் பல ஆண்டுகள் உழைத்து அவற்றை வடித்தார். மதுராவின் பார்க்கம் இயக்கனும், கொல்கத்தா அருங்காட்சியகத்திலுள்ள பேஸ்நகர் இயக்கியும் அவருக்கு முன்மாதிரிகள். இயக்கன் தொழில்வளத்தையும் இயக்கி வேளாண்வளத்தையும் குறிக்கின்றனர். ஆடையணியாத இயக்கியைப் பற்றி மாநிலங்களவையில் கேள்வி எழுந்ததும் உண்டு. மலம்புழை அணைப் பூங்காவில் கானாயி குஞ்ஞிராமன் 1969-இல் அமைத்த யட்சி சிற்பமும் இத்தகைய கேள்விகளுக்குத் தப்பவில்லை. தில்லிச் சிலைகள் இன்றும் அவ்வாயிலில்தான் நிற்கின்றன. நாட்டின் பணத்துக்குக் காவல் இருப்பவளும் முப்பந்தலில் மண்பாவை ஏற்பவளும் பெயரால் ஒருத்தியே என்பதை அவ்வழி செல்வோர் எத்தனைபேர் எண்ணியிருப்பர்?

இனிக் கணினிக்கு வருவோம். அச்சுப்பொறி பேசும் மொழி வேறு, கணினியின் இயங்குதளம் பேசும் மொழி வேறு. இரண்டுக்கும் நடுவில் நின்று ஒன்றின் கட்டளையை மற்றொன்றுக்கு எடுத்துரைப்பதே இயக்கி என்னும் மென்பொருள். அது இல்லாவிடில் கிளையில் கணக்குப் புத்தகம் அச்சிடும் பொறி வெறும் பெட்டி. வீட்டு வாசலுக்கும் காட்டுக்கும் நடுவில் எல்லையில் நிற்பவளுக்கும் இதற்கும் வேரளவில் தொடர்பில்லை என்று முன்பே சொன்னோம். இருந்தும், சொல்லைத் தேர்ந்தவர்கள் தெரிந்தோ தெரியாமலோ நல்ல இடத்தில் அவளைக் குடியமர்த்திவிட்டார்கள் என்றே தோன்றுகிறது. கண்ணுக்குப் புலனாகாதவற்றின் பெயரைக் கணினிக்குச் சூட்டுவது பிற மொழிகளிலும் உள்ளதே. திரைக்குப் பின்னால் ஓசையின்றி ஓடும் நிரல்களை 1960-களில் அமெரிக்க ஆய்வாளர்கள் ‘டீமன்’ என்றனர். போய்ச் சேராத மின்னஞ்சல் ‘மெயிலர் டீமன்’ என்னும் பெயரில் திரும்பி வருவதைப் பலரும் கண்டிருப்பீர்கள். அதுவும் பூதந்தான், தீங்கற்ற பூதம்.

திருவனந்தபுரத்துக்கு இதில் தனி இடம் உண்டு. 1990-இல் நாட்டின் முதல் தொழில்நுட்பப் பூங்காவான டெக்னோபார்க் இங்கேதான் தோன்றியது. 2001 ஜூலை 20-ஆம் நாள், கட்டற்ற மென்பொருள் இயக்கத்தின் நிறுவனர் ரிச்சர்ட் ஸ்டால்மன் வந்து இந்தியக் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையைத் தொடங்கி வைத்ததும் இந்நகரில்தான். அதன் பின் சில ஆண்டுகளில் கேரள அரசுப் பள்ளிக் கணினிகள் லினக்ஸ் இயங்குதளத்துக்கு மாறின. பூஜப்புரையைத் தலைமையிடமாகக் கொண்டு அப்பணி இன்றும் நடைபெறுகிறது.

லினக்ஸில் இயங்கும் நிரல்கள் பெரும்பாலும் ஒரு குறிப்பிட்ட கோப்பு வடிவத்தில் அமைந்திருக்கும். அவ்வடிவத்துக்குரிய நீண்ட ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளைக் கூட்டினால் வருவது, முன்பு நாம் பார்த்த எல்ஃப் என்னும் சொல்தான். 1980-களின் இறுதியில் யூனிக்ஸுக்காக வகுக்கப்பட்ட இவ்வடிவத்தை லினக்ஸ் 1990-களின் நடுவில் ஏற்றுக்கொண்டது. அச்சுப்பொறி, வருடி, விசைப்பலகை போன்ற சாதனங்களை இணைக்கும்போது தேவைக்கேற்ப ஏற்றப்படும் இயக்கிகள் லினக்ஸில் தனிக் கோப்புகளாக வைக்கப்பட்டிருக்கின்றன. அவையும் எல்ஃப் வடிவில் எழுதப்பட்டவையே. பூஜப்புரையிலோ பாறசாலையிலோ ஒரு பள்ளிக் கணினியில் அத்தகைய இயக்கி ஒன்றைத் திறந்து அதன் முதல் நான்கு பைட்டுகளைப் படித்தால், முதலில் 127 என்னும் எண்ணும் அதையடுத்து மூன்று ஆங்கில எழுத்துகளும் கிடைக்கும்: ஈ, எல், எஃப்.